நோயுற்றார் துணிவு

நோயுற்றாரைப் படுக்கையிற் கிடத்திக் காத்தலே அன்பென்பர் உலகத்தார். கனடா நாட்டினராகிய டெரி பாக்ஸ் என்பார் எலும்பிற்கண்ட புற்றுநோயால் 1977-இல் வலக்காலை இழந்தார். அந்நோய் பற்றிய ஆராய்ச்சிக்குப் பொருள் திரட்டுதல் வேண்டி, 1980 ஏப்ரலிற் பொய்க்காலோடு அந்நாட்டின் கீழைக் கரையினின்று மேற்கு நோக்கி ஓடலானார். நாடோறும் ஏறக்குறைய 42 கிலோமீட்டராக 143 நாள் ஓடி, இருமலும் மார்புநோவும் மிகவே, தாமே நிறுத்தி மருத்துவரை அடைந்தார். நோய் நுரையீரலிற் பரவியிருந்தது. 1981 ஜூனில், 22-ஆம் வயதில் மறைந்தார்.

இஃது உடம்பிற்கிழைத்த கேடன்றோவெனின், அன்றென்க. தனுகரணங்கள் உயிர்க்குக் கருவியாய்த் தரப்பட்டனவேயன்றிப் பேழையிலிட்டுக் காத்தற்கல்ல. நோய் காலைக் கவர்ந்தது. இச்சையையும் கிரியையையும் கவர்ந்திலது. அவற்றை அன்பின் பெயரால் முடக்குவாரோ, நோய் செய்யாததைத் தாம் செய்வாராவர். அவர் அஞ்சுவது பெரும்பாலும் தம் பிரிவுத்துயரையே. வீம்பினால் உடம்பை அழிப்பார் செயல் இதனின் வேறு. அவர் நிற்கவேண்டிய இடத்து நில்லார்.