இனிப்புநீர்க்காரனின் நோன்புக் கணக்கு

 

நான் ஆலிமுமல்லன், டாக்டருமல்லன். மதரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் படித்ததுமே என் படிப்பு. பினாங்கில் கடை வைத்திருக்கிறேன். ஆறு வருஷமாக இனிப்புநீர் வியாதிக்காரன். அந்த ஒரு தகுதியை வைத்துக்கொண்டே இதை எழுதத் துணிந்தேன்.

சென்ற ரமளானில் நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு வியாதி இருப்பது வீட்டாருக்கு மட்டுமே தெரியும். ஸஹரில் சாப்பிட்டு, வழக்கமான மாத்திரையையும் போட்டுக்கொண்டு நோன்பு பிடித்தேன். டாக்டரிடம் கேட்கவில்லை, கேட்டால் வேண்டாமென்று சொல்லிவிடுவாரே! பதினோராம் நோன்பன்று அஸர் வேளையில் கை நடுங்கியது. சட்டை வியர்வையில் நனைந்தது. சில்லறை எண்ண முடியவில்லை. கடைப் பையன் ஓடிப்போய்ச் சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக்கொண்டு வந்து, "குடிச்சிருங்க முதலாளி" என்று கெஞ்சினான். நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். கடையில் வாடிக்கைக்காரர் நாலு பேர் நின்றார்கள். கண் இருட்டிக்கொண்டு வந்த பிறகே குடித்தேன்.

மறுநாள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய்ச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "வாயை மூடினீரே தம்பி, அல்லாஹ்வுக்குப் பயந்தா, வாடிக்கைக்காரருக்குப் பயந்தா?" நான் பதில் சொல்லவில்லை.

சூரத்துல் பகராவில் நோன்பைக் கடமையாக்கிய இடத்திலேயே, நோயாளியும் பிரயாணியும் வேறு நாட்களில் நோற்றுக்கொள்ளலாம் என்ற சலுகையையும் அல்லாஹுத்தஆலா வைத்திருக்கிறான். கடமையையும் சலுகையையும் தந்தவன் ஒருவனே. கடமையை ஏற்றுச் சலுகையைத் தள்ளுவது பக்தி என்று நான் எண்ணியிருந்தேன். உடலுக்கும் நம்மீது உரிமையுண்டு என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்ததை ஓதியிருந்தும் அப்படி எண்ணினேன்.

இந்த வியாதி என்ன என்பதை நம் தொழில் பாஷையில் சொல்கிறேன். சாப்பிட்ட சாப்பாடு சர்க்கரையாகி ரத்தத்தில் வருகிறது. இது துறைமுகத்தில் சரக்கு இறங்குவதுபோல. இன்சுலின் என்பது கிட்டங்கியின் சாவி. நம்மில் பெரும்பாலோருக்கு வருகிற இரண்டாம் வகையில் சாவி இருக்கிறது, பூட்டுத்தான் இறுகிவிட்டது. நாளாக ஆகச் சாவி செய்கிற கணையமும் களைத்துப்போகிறது. சரக்கு வெளியிலேயே தேங்கி, கண், மூத்திரக்காய், கால் நரம்பு என்று ஒவ்வொன்றாய்க் கெடுக்கிறது. சத்தமில்லாமல் கெடுக்கும். என் அத்தாவுக்குக் கால் விரலில் செருப்புக் கடித்த புண் இருந்ததே தெரியாது. விரலை எடுத்த பிறகே வியாதியின் பெயர் தெரிந்தது.

மலேசியாவில் 2023-ல் எடுத்த சுகாதாரக் கணக்கின்படி பெரியவர்களில் 15.6 சதவிகிதம் பேருக்கு, அதாவது ஆறு பேரில் ஒருவருக்கு, இது இருக்கிறது. இந்திய வம்சத்தாரிடம் இன்னும் அதிகம். ஏன் இராது? விடிந்தது முதல் இரவு வரை கல்லாவில் உட்காருகிறோம். வருகிற ஒவ்வொரு வியாபாரியோடும் டின்பால் ஊற்றிய தே தாரிக் ஒரு கிளாஸ். கடை அடைத்து இரவு பதினொரு மணிக்கு நாசி கண்டார், அதன்மேல் படுக்கை. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கே உணவுக்கு என்ற நபிமொழியை ஜும்ஆவில் கேட்டுவிட்டு நேரே விருந்துக்குப் போகிறவர்கள் நாம்.

இன்னொன்று. பேரீச்சம்பழமும் தேனும் சுன்னத்தாயிற்றே, சர்க்கரை ஏறாது என்கிறார்கள். ஏறும். நோன்பு திறக்க ஒரு பழம் போதும். தட்டைக் காலி செய்வது சுன்னத்தல்ல. மாத்திரை சாப்பிட்டால் மூத்திரக்காய் கெடும் என்பதும் கடைத்தெருப் பேச்சே. கட்டுப்படாத சர்க்கரைதான் அதைக் கெடுப்பது.

விரலில் குத்திப் பார்ப்பது அன்றைய கல்லாவை எண்ணுவது. கிளினிக்கில் எடுக்கும் ஏ1சி பரிசோதனை மூன்று மாதத்துப் பேரேடு. கல்லாவைத் தினமும் எண்ணுகிற நாம் இதைப் பார்க்கப் பயப்படுகிறோம். அரசாங்கச் சுகாதார நிலையத்தில் இந்நாட்டுக் குடிமகனுக்கு டாக்டரைப் பார்க்க 1 ரிங்கிட்தான். விரலில் குத்துவதால் நோன்பு முறியாது என்று மார்க்க அறிஞர்கள் தெளிவாக்கியிருக்கிறார்கள். (ஒளு விஷயம் மத்ஹபுக்கு மத்ஹபு வேறுபடும், உங்கள் ஹஜ்ரத்தைக் கேளுங்கள்.) நோன்பில் சர்க்கரை 3.9-க்குக் கீழே இறங்கினாலும், 16.6-க்கு மேலே ஏறினாலும், மஃரிபுக்குப் பத்து நிமிஷம் இருந்தாலும், நோன்பை விடச் சொல்கிறார்கள் டாக்டர்கள்.

எல்லா இனிப்புநீர்க்காரரும் நோன்பை விடவேண்டுமென்று நான் சொல்லவில்லை. மருந்தின் நேரத்தையும் அளவையும் மாற்றிக்கொண்டு நோற்கக்கூடியவர் பலர். யார் நோற்கலாம் என்பதை டாக்டர் சொல்லவேண்டும். அதற்கு ரஜப் மாதத்திலேயே போகவேண்டும். குணமடையும் வழியில்லாதவருக்கு பித்யா இருக்கிறது.

எனக்கு டாக்டர் அந்த மாதம் போதுமென்றார். 19 நோன்பு கடனாயிற்று. மாத்திரையை மாற்றித் தந்தபின், அவர் சம்மதத்தோடு திங்கள், வியாழன்களில் களாச் செய்துவருகிறேன். கல்லாப் பெட்டிக்குள் சிட்டை ஒன்று ஒட்டியிருக்கிறேன். 12 அடித்தாயிற்று, 7 பாக்கி. பையன் அதைப் பார்த்துவிட்டான். இப்போது வியாழக்கிழமைகளில் அஸர் நேரம் வந்தால், வாடிக்கைக்காரர் முன்னாலேயே, "விரலைப் பார்த்தீங்களா முதலாளி?" என்று கேட்கிறான்.