வீடே பட்டறையானால்



ஆலைக்குப் போய் வேலை செய்கிறவனுக்குச் சங்கு உண்டு. ஒரு சங்குக்கு வேலை தொடங்கும். மறு சங்குக்கு வேலை முடியும். வீட்டிலிருந்தே பிழைக்கிறவனுக்கு எந்தச் சங்கு ஊதும்? அவனுடைய நேரத்தை வகுப்பது யார்? அவனுடைய செலவை மட்டுப்படுத்துவது எது? இவ்வாரம் நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட விஷயம் இதுவே.

நம் சீமைக்கு இது புதிதல்ல. அருப்புக்கோட்டை நெசவாளர் வீடுகளில் தறிக்குழி வீட்டுக்குள்ளேயே இருந்தது; தகப்பன் தறியில் உட்கார, தாயும் பாட்டியும் தார் சுற்றினார்கள். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். அத்தொழில் சிவகாசியில் வேரூன்றிய பிற்பாடு, பெட்டி ஒட்டும் வேலை இந்தக் கரிசல் பூமியின் திண்ணைகளுக்கு வந்து சேர்ந்தது. இயந்திரங்கள் வந்து அவ்வேலையில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டன. ஆயினும் காகிதக் குழாய் சுருட்டுவோரும், தையல் இயந்திரத்தின் முன் பொழுதைக் கழிப்போரும் இன்றும் உண்டு. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, பட்டணத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த பிள்ளைகளும் மடிக்கணினியோடு பெற்றோர் வீட்டில் வந்து அமர்ந்தார்கள். குழாய் சுருட்டும் தாய்க்கும் மாதச் சம்பளக்காரனுக்கும் வருமானத்தில் வெகுதூரம் உண்டு. ஆனால் இருவருக்கும் வரும் சோதனை ஒன்றே.

அச்சோதனைக்கு இரண்டு முகங்கள். முதல் முகம் சோம்பல். நான்காம் நூற்றாண்டில் எகிப்து வனாந்தரத்தின் தபோதனர்கள் தங்கள் குடிசையில் தனித்திருந்து, கயிறு திரித்தும் கூடை முடைந்தும் பிழைத்தார்கள். அவர்களில் ஒருவரான எவாக்ரியுஸ் என்பவர், உச்சிவேளையில் வருகிற ஒரு சோதனையைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். சூரியன் நகராமல் நிற்பதுபோல் தோன்றும். துறவி அடிக்கடி ஜன்னலைப் பார்ப்பான். யாராவது வரமாட்டார்களா என்று ஏங்குவான். இருக்கிற இடமும் செய்கிற தொழிலும் அவனுக்குக் கசக்கும். இதை மத்தியானப் பேய் என்று அவர் அழைத்தார். தலையான பாவங்கள் ஏழில் சோம்பல் என்று நாம் படிப்பது, கை சும்மாயிருப்பதை மட்டுமல்ல, ஆத்துமத்தின் இந்தச் சலிப்பையும் சேர்த்துத்தான். அன்று ஜன்னல் இருந்த இடத்தில் இன்று கைப்பேசி இருக்கிறது. வேறுபாடு அவ்வளவே.

அர்ச். வனத்து அந்தோணியாருக்கும் இந்தச் சலிப்பு வந்ததாம். அப்போது தம்மைப்போலவே ஒருவர் உட்கார்ந்து கயிறு திரிப்பதையும், பிறகு எழுந்து செபிப்பதையும், மறுபடி உட்கார்ந்து திரிப்பதையும் அவர் கண்டார். அது அவருக்குப் புத்தி சொல்ல அனுப்பப்பட்ட சம்மனசு என்று முன்னோர் சொல்லிவைத்திருக்கிறார்கள். அந்தச் சம்மனசு வேலையை விட்டுவிடச் சொல்லவுமில்லை, செபத்தை விட்டுவிடச் சொல்லவுமில்லை. எதற்கும் ஒரு வேளை உண்டு என்று காட்டிற்று.

இரண்டாம் முகம் இதற்கு நேர் எதிரானது. வேலை வீட்டுக்குள் வந்துவிட்டால் அது முடிகிறதேயில்லை. உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவளுக்கு ஒவ்வொரு நாழிகையும் காசாகத் தெரிகிறது. இன்னும் நூறு செய்தால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும் என்று இரவு நீளும். பாடம் படிக்க உட்கார்ந்த பிள்ளையின் கையிலும் பசை ஒட்டும். செபமாலை நாளைக்கென்று தள்ளிப்போகும். சம்பளக்காரனுக்கோ இரவு பத்து மணிக்கும் அலுவலகச் செய்தி வரும். சோற்றுத் தட்டின் முன்னும் அவன் அலுவலகத்திலேயே இருப்பான். உலோபித்தனம் இங்கே சுறுசுறுப்பு என்னும் புண்ணியத்தின் வேஷம் போட்டுக்கொண்டு வருகிறது. ஆதலால் அதை இனங்கண்டுகொள்வது கஷ்டம்.

வனாந்தரத்தில் இஸ்ராயேலருக்கு மன்னா பொழிந்த வரலாற்றை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொருவரும் அன்றன்றைக்குத் தேவையானதை மாத்திரம் சேர்க்க வேண்டும். மறுநாளைக்கென்று பதுக்கியது புழுத்து நாறிற்று. ஆறாம் நாளில் இரட்டிப்பாய்க் கிடைத்தது. ஓய்வு நாளில் வெளியே தேடிப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். சிக்கனத்தையும் ஒழுங்கையும் சர்வேசுரன் ஒரே பாடமாக அங்கே கற்பித்தார். அந்தப் பாடம் யாதெனில், ‘போதும்’ என்று சொல்லப் பழகுவதே. பணத்தில் போதும் என்று சொல்லத் தெரிந்தவன் கடனில் விழமாட்டான்; நேரத்தில் போதும் என்று சொல்லத் தெரிந்தவன் குடும்பத்தை இழக்கமாட்டான். ஐயாயிரம் பேருக்கு அப்பம் பலுகச் செய்த சேசுநாதர், மீந்த துண்டுகளைச் சிந்தாமல் பொறுக்கச் சொன்னார். அது கஞ்சத்தனமல்ல, கிடைத்த கொடைக்குச் செய்யும் மரியாதை.

“சாமி, வயிறு நிறையாதவன் எப்படிப் போதும் என்பான்?” என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. சிக்கனமும் நன்னடத்தையும் உள்ள தொழிலாளி பிழைப்பதற்குப் போதாத கூலி, இருவரும் ஒப்புக்கொண்டதேயானாலும், நீதியான கூலியாகாது என்று 13-ஆம் சிங்கராயர் பாப்பரசர் 1891-ஆம் வருஷத்து நிருபத்திலேயே போதித்தார். வீட்டில் வேலை செய்கிறவள் இடத்தைக் கொடுக்கிறாள். விளக்குச் செலவைத் தாங்குகிறாள். சில வேளை பசைக்கும் நூலுக்கும் தானே காசு போடுகிறாள். அவளுடைய சிக்கனம் அவள் பிள்ளைகளுக்குச் சேர வேண்டியது. வேலை கொடுக்கிறவருக்கு லாபமாகப் போகக்கூடாது. வேலை கொடுக்கிற இடத்தில் இருக்கிற விசுவாசிகள் இதைத் தங்கள் ஆத்தும சோதனையில் ஒரு கேள்வியாகச் சேர்த்துக்கொள்ளக் கடவார்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாய்ச் சொல்ல வேண்டும். எந்த வறுமையிலும் வீட்டுக்குள் நுழையக்கூடாத வேலை ஒன்று உண்டு. காகிதம் வரலாம், துணி வரலாம், கம்ப்யூட்டர் வரலாம்; வெடிமருந்து வரலாகாது. உரிமம் இல்லாத இடத்தில் பட்டாசு செய்வதைச் சட்டம் தடுக்கிறது. அதற்கு முன்பே ஐந்தாம் கற்பனை தடுக்கிறது. அடுப்பு எரிகிற, குழந்தை தவழ்கிற இடத்தில் மருந்தை வைப்பது, தன் உயிரோடு அயலார் உயிரையும் பணயம் வைப்பதாகும். இப்படி நேர்ந்த சாவுகளை நம் மாவட்டம் பலமுறை கண்டிருக்கிறது. அந்தக் காசு சிக்கனத்தில் சேராது. அப்படிக் கொண்டுவந்து தருகிறவனுக்குப் ‘போதும்’ என்றல்ல, ‘வேண்டாம்’ என்றே சொல்ல வேண்டும்.

இனிச் செய்ய வேண்டியது யாது? வேலைக்கென ஒரு மூலையைக் குறியுங்கள். சாப்பிடும் இடத்திலும் படுக்கும் இடத்திலும் வேலையை விரிக்காதீர்கள். தொடங்கும் மணியையும் முடிக்கும் மணியையும் முன்னதாகவே தீர்மானியுங்கள். அன்றாட வரவையும் செலவையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். தருமத்துக்கென்று சிறு தொகையானாலும் முதலில் எடுத்துவையுங்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வாருங்கள். அன்று கருவியை மூடிவையுங்கள். ஆலைச் சங்கு இல்லாதவர்களுக்கு நம் கோயில் மணி இருக்கிறது. காலை, நடுப்பகல், மாலை என்று மூன்று வேளையும் திரிகால செபத்துக்கு அது அடிக்கிறது. மணிச் சத்தம் கேட்டவுடன் கையை நிறுத்துங்கள். மூன்று நிமிஷத்தில் கூலி பெரிதாய்க் குறையாது. நாளோ ஒரு வரம்புக்குள் வந்துவிடும். மாலை மணியோடு வேலையை நிறுத்த முடிந்தவர்கள் நிறுத்துங்கள். முடியாதவர்கள் குடும்ப செபத்துக்காவது எழுந்து வாருங்கள்.

கொரிந்து பட்டணத்தில் ஆக்கிலாவும் பிரிசில்லாவும் கூடாரம் செய்யும் தொழில் நடத்தினார்கள். அர்ச். சின்னப்பர் அவர்களோடு தங்கி அதே தொழிலைச் செய்தார். பிற்பாடு அவர்கள் குடியிருந்த வீட்டிலே விசுவாசிகளின் சபை கூடிற்று. தொழில் செய்கிறவர்களின் வீடு கோயிலும் ஆகலாம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

1955-ல் 12-ஆம் பத்திநாதர் பாப்பரசர் மே முதல் தேதியைத் தொழிலாளரான அர்ச். சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். நசரேத்தூரில் தச்சுத் தொழிலால் திருக்குடும்பத்தைக் காத்த அவர், உங்கள் வீட்டு வேலைக்கும் வீட்டு அமைதிக்கும் காவலாயிருப்பாராக.

உங்கள் பங்குச் சுவாமியார்