பராசரன் என்னும் பெயர்

உத்ஸவ காலங்களில் பெருமாளைச் சேவிக்க வரும் குடும்பங்களில் கைக்குழந்தையோடு வருபவர் பலர். அர்ச்சனைக்குப் பெயரும் நக்ஷத்திரமும் சொல்லும்போது ஒரு காலத்தில் ஸ்ரீநிவாஸன், வரதன், ரங்கராஜன், கண்ணன் என்னும் பெயர்களே மாறி மாறி ஒலித்தன. இன்று சுருக்கமான புதுப்பெயர்கள் பெருகிவிட்டன. அவற்றுள் சிலவற்றுக்குப் பொருள் கேட்டால் பெற்றோரே தயங்குவர். இவ்விரு வகைக்கும் இடையே எப்போதோ ஒருமுறை ‘பராசரன்’ என்னும் பெயர் காதில் விழும். விழுந்தவுடன், “கோத்ரத்தைக் கேட்கவில்லை, குழந்தையின் பெயரைச் சொல்லுங்கள்” என்னும் மறுமொழி வருவதும் உண்டு. கோத்ரமாகப் பல்லாயிரம் இல்லங்களில் வழங்கும் இச்சொல், ஆண் குழந்தையின் பெயராக வழங்குவது அவ்வளவு அரிதாகிவிட்டது.

இப்பெயரை இடுவது சரிதானா என்று ஒரு வைஷ்ணவர் ஐயுற்றால் அதில் வியப்பில்லை. பெரியாழ்வார் தம் திருமொழியின் நான்காம் பத்தில் ஒரு பதிகம் முழுவதையும் பெயரிடுதலுக்கென்றே அருளிச்செய்திருக்கிறார். அற்பப் பொருளுக்கும் உடுக்கும் துணிக்கும் ஆசைப்பட்டு மனிதர் பெயரைப் பிள்ளைக்கு இடாதீர்கள், எம்பெருமான் திருநாமத்தை இடுங்கள், மனிதனுக்கு மனிதன் பெயரை இடுவதால் மறுமைக்கு ஒரு பயனும் இல்லை என்பது அதன் கருத்து. ஸ்ரீமத் பாகவதம் கூறும் அஜாமிளன் சரிதமும் இதற்குத் துணை நிற்கிறது. கடைசி மகனுக்கு ‘நாராயணன்’ என்று பெயரிட்டிருந்ததனால், மரண வேளையில் மகனை அழைத்த அழைப்பே அவனைக் காத்தது. பராசரரோ மஹரிஷி, எத்துணைப் பெரியவராயினும் மனிதர். அவருடைய பெயரைச் சொல்லி மகனை அழைக்கும் தந்தைக்கு அஜாமிளன் பெற்ற பேறு கிட்டும் என்று எந்நூலும் சொல்லவில்லை. அவ்வாறிருக்க, ஆழ்வார்களின் பாசுரங்களைத் தலைமேற்கொண்ட ஆளவந்தாரும் உடையவரும் இப்பெயர் பூமியில் விளங்க வேண்டும் என்று ஏன் திருவுள்ளம் பற்றினார்கள்? இதற்கு விடை காணப் பெயரின் கதையையே முதலில் அறிய வேண்டும்.

மஹாபாரதம் ஆதிபர்வத்தில் அக்கதை வருகிறது. வஸிஷ்டரின் மூத்த குமாரர் சக்தி. ஒடுங்கிய காட்டுப் பாதையொன்றில் இக்ஷ்வாகு குலத்து அரசன் கல்மாஷபாதன் எதிர்ப்பட்டான். யார் வழிவிடுவது என்பதில் பிணக்கு மூண்டது. அரசன் முனிவரைச் சாட்டையால் அடித்தான். முனிவர், ‘நரமாமிசம் தின்று திரிவாயாக’ என்று சபித்தார். விசுவாமித்திரர் ஏவிய அரக்கன் ஒருவன் அவ்வரசனுள் புகுந்தான். சாபமிட்ட சக்தியே முதலில் அவனுக்கு இரையானார். பின்னர் அவர் தம்பியர் அனைவரும் இரையாயினர். ஒரு பாதையில் ஓரடி ஒதுங்கி நிற்க இருவருக்கும் மனம் வாராததால் நேர்ந்த அழிவு இது.

நூறு மக்களையும் இழந்த வஸிஷ்டர் உயிரை விடத் துணிந்தார். மலைச் சிகரத்திலிருந்து விழுந்தார், தீயில் புகுந்தார், கழுத்தில் கல்லைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்கினார். எதுவும் அவரை ஏற்கவில்லை. தம்மைக் கயிற்றால் பிணித்துக்கொண்டு ஒரு நதியில் குதித்தார். அது கட்டை அவிழ்த்துக் கரை சேர்த்தது. விபாசை என்று அதற்குப் பெயர். இன்றைய பியாஸ் நதி அதுவே. மற்றொரு நதியோ நூறு கிளைகளாகச் சிதறி ஓடிற்று. அது சதத்ரு, இன்றைய சட்லெஜ். சோர்ந்து ஆச்ரமத்திற்குத் திரும்பும் வழியில் பின்னாலிருந்து வேத ஒலி கேட்டது. சக்தியின் குரலை ஒத்திருந்தது. உடன் வந்தவள் சக்தியின் மனைவி அத்ருச்யந்தி ஒருத்தியே. “என் வயிற்றிலுள்ள குழந்தை ஓதுகிறது” என்றாள் அவள். குலம் அற்றுப்போகவில்லை என்றறிந்த வஸிஷ்டர் சாகும் எண்ணத்தை விட்டார்.

‘பராஸு’ என்றால் உயிர் நீங்கியவன், உயிரை விடத் துணிந்தவன் என்று பொருள். அவ்வாறு துணிந்த பாட்டனாரைக் கர்ப்பத்திலிருந்தபடியே உலகில் நிலைநிறுத்தியதால் குழந்தை பராசரன் எனப்பட்டது என்று மஹாபாரதமே பெயர்க்காரணம் கூறுகிறது. சொல்லின் தாதுவை ஆராய்வோர் வேறொரு பொருளும் சொல்வர்: நொறுக்குபவன், அழிப்பவன். உயிரைக் காத்தவன், அழிப்பவன் என்னும் முரணான இரு பொருள்களும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் அம்முனிவரின் இளமைப் பருவம் முழுவதும் இவ்விரண்டுக்கும் இடையே நடந்த போராட்டமே.

பாலகன் வஸிஷ்டரையே ‘தந்தையே’ என்று அழைத்து வளர்ந்தான். ஒருநாள் அதைக் கேட்கப் பொறாத தாய் கண்ணீர் மல்க உண்மையைச் சொன்னாள். தந்தையை அரக்கன் தின்றான் என்றறிந்த பிள்ளைக்கு எழுந்த கோபம் சிறிதன்று. அரக்கர் குலத்தையே வேரறுக்க ஒரு ஸத்ர யாகம் தொடங்கினார். நூற்றுக்கணக்கான அரக்கர்கள் வேள்வித் தீயில் வந்து விழுந்து சாம்பலாயினர்.

அந்நிலையில் வஸிஷ்டர் கூறிய அறிவுரையை விஷ்ணு புராணத்தின் முதல் அத்தியாயம் எடுத்துரைக்கிறது. இவர்கள் உனக்குக் குற்றம் செய்தவர்களல்லர். அவரவர் வினையின் பயனையே அவரவர் நுகர்கின்றனர். வருந்தி ஈட்டிய புகழையும் தவத்தையும் சினம் ஒரு நொடியில் எரித்துவிடும். பொறுமையே ஸாதுக்களின் வலிமை. இவ்வேள்வி நிற்கட்டும் என்றார். பராசரர் நிறுத்திவிட்டார்.

இங்கு ஒரு கடினமான கேள்வி எழுகிறது. தனக்கு இழைக்கப்பட்ட தீங்கைப் பொறுப்பது பெருந்தன்மை. தந்தைக்கு இழைக்கப்பட்ட தீங்கைப் பொறுக்க மகனுக்கு உரிமை உண்டா? மாண்டவரின் சார்பில் மன்னிப்பு வழங்க உயிரோடிருப்பவர் யார்? நீதி பேசும் பலர் இவ்விடத்தில் இடறுவர். புராணம் இதற்குத் தனியாக விடை எழுதவில்லை. ஆனால் ‘போதும்’ என்ற சொல்லை யார் வாயிலிருந்து வரச் செய்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பராசரர் இழந்தது, முகமும் கண்டிராத ஒரு தந்தையை. வஸிஷ்டர் இழந்ததோ எடுத்து வளர்த்த நூறு மக்களை. மிகுதியாக இழந்தவரே போதும் என்றபோது, குறைவாக இழந்தவர் கையில் வேள்விக் கரண்டியைப் பிடித்துக்கொண்டிருக்க நியாயமில்லாமற் போயிற்று.

சினத்தை விட்டதனால் அது இல்லாமலே போய்விட்டதாக மஹாபாரதம் சொல்லவில்லை என்பதும் நினைக்கத்தக்கது. மூட்டிய தீயை இமயத்தின் வடபால் ஒரு பெருங்காட்டில் கொண்டு சேர்த்தார் என்றும், பர்வ நாட்களில் அது அரக்கரையும் மரங்களையும் பாறைகளையும் தின்பது இன்னும் காணப்படுகிறது என்றும் அது கூறுகிறது. மனித மனத்தை அறிந்து எழுதிய இடம் இது.

அரக்கர் குலத்தின் மூதாதையரான புலஸ்தியர் அப்போது அங்கே எழுந்தருளினார். பெரும்பகை இருந்தும் பெரியோர் சொற்கேட்டு என் சந்ததியை அழியாமல் விட்டாய், ஆதலால் சாஸ்திரங்கள் அனைத்தையும் அறிவாய், புராண ஸம்ஹிதை ஒன்றையும் இயற்றுவாய் என்று வரமளித்தார். ஆறு அம்சங்களைக் கொண்ட விஷ்ணு புராணம், மைத்ரேயருக்குப் பராசரர் உபதேசித்ததாக இவ்வாறு தோன்றியது. நிறுத்தப்பட்ட ஒரு வேள்வியின் பயன் அந்நூல். பகைவரின் பாட்டனாரே அதற்கு வரமளித்தவர்.

ஆளவந்தார் தம் ஸ்தோத்ர ரத்னத்தில் முதல் மூன்று ச்லோகங்களால் தம் பாட்டனாரான நாதமுனிகளை வணங்குகிறார். ஐந்தாவதால் நம்மாழ்வாரை வணங்குகிறார். இடையில் நான்காவது, பராசரருக்கு உரியது. சித்து, அசித்து, ஈச்வரன் என்னும் தத்துவங்களையும் மோக்ஷத்தையும் அதற்கான வழியையும் உள்ளபடி விளக்கிப் புராண ரத்தினத்தைத் தந்த வள்ளல் என்று அவரைப் போற்றுகிறார். பின்வந்த எம்பெருமானாரும் தம் ஸ்ரீபாஷ்யத்தில் பல இடங்களில் விஷ்ணு புராணத்தையே சான்றாகக் காட்டினார். ஸம்ப்ரதாயத்தின் அடித்தளத்தில் இவ்வளவு பெரிய பங்கு அம்முனிவருக்கு உண்டு.

ஆளவந்தார் பரமபதித்த அன்று காஞ்சியிலிருந்து பெரிய நம்பியோடு விரைந்து வந்த இளையாழ்வார் கண்டது, காவிரிக் கரையில் திருமேனியையும் மடங்கியிருந்த மூன்று திருவிரல்களையும். அவை நிறைவேறாத மூன்று மனோரதங்கள் என்று உணர்ந்து அவர் ஒவ்வொன்றாகச் சபதம் செய்ய, விரல்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன என்பது குருபரம்பரை நூல்கள் கூறும் வரலாறு. பிரஹ்ம ஸூத்திரங்களுக்குப் பாஷ்யம் செய்வது அவற்றுள் ஒன்று. நம்மாழ்வாருக்கும் திருவாய்மொழிக்கும் ஏற்றம் செய்வது மற்றொன்று. பராசரர், வியாஸர் ஆகியோரின் உபகாரத்திற்கு நன்றி செலுத்துவது எஞ்சியது.

இம்மூன்றில் பாஷ்யம் எழுதுவது எப்படி என்று அறிஞருக்குத் தெரியும். மறைந்து யுகங்கள் கடந்த முனிவருக்கு நன்றி செலுத்துவது எப்படி? அவருக்கு வஸ்திரம் ஸமர்ப்பிக்க முடியாது. உணவு படைக்க முடியாது. அவர் எதையும் எதிர்பார்த்து எழுதியவருமல்லர். ஸ்ரீரங்கத்தில் கூரத்தாழ்வானுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தபோது உடையவர் இதற்கு வழி கண்டார். ஒரு பிள்ளைக்குப் பராசரன் என்றும் மற்றவனுக்கு வேத வியாஸன் என்றும் திருநாமம் சாற்றினார். புராணத்தில் பராசரர் தந்தை, வியாஸர் மகன். ஆழ்வான் திருமாளிகையிலோ இருவரும் ஒரு தொட்டிலை அடுத்த தமையனும் தம்பியும்!

பெரியாழ்வாரின் பதிகத்திற்கும் இதற்கும் உள்ள முரண் இங்கே தீர்கிறது. ஆழ்வார் கடிந்தது ஆதாயத்துக்காக மனிதர் பெயரை இடுவதை. காசு தருவான், துணி தருவான் என்று செல்வன் ஒருவனின் பெயரைப் பிள்ளைக்குச் சூட்டுவது வியாபாரம். பராசரன் என்று அழைப்பவருக்கோ இம்மையிலும் ஆதாயமில்லை, மறுமைக்கென்று கணக்கு வைக்கவும் இடமில்லை. வாங்கிய கடனை நாள்தோறும் வாயால் ஒப்புக்கொள்வது ஒன்றே அதில் உள்ளது. எம்பெருமான் திருநாமத்தை இடுபவர் பெறுகிறார். அவனைக் காட்டிக்கொடுத்தவரின் பெயரை இடுபவர் பெற்றதைச் சொல்லுகிறார். கைம்மாறு கருதாமல் தந்தவருக்குக் கைம்மாறு கருதாத நன்றியே பொருந்தும்.

பிள்ளையைக் கேட்காமலே ஒரு பெருங்கடனை அவன் தலையில் ஏற்றலாமா என்பதும் நியாயமான ஐயமே. முனிவர் பெயரை வைத்ததும் மேதாவிலாஸம் வந்துவிடும் என்று நம்புவது பேதைமை. எனினும் பராசர பட்டர் அப்பெயரைச் சுமையாகக் கொண்டதாகத் தெரியவில்லை. ஸ்ரீரங்கநாதனே தம்மைப் புத்திரனாக ஏற்று வளர்த்ததாக எண்ணி வளர்ந்தவர் அவர். ஸ்ரீரங்கராஜ ஸ்தவமும் ஸ்ரீகுணரத்ன கோசமும் இயற்றினார். விஷ்ணு ஸஹஸ்ரநாமத்திற்கு ‘பகவத் குண தர்ப்பணம்’ என்னும் பாஷ்யம் அருளி, ஆயிரம் நாமங்களில் ஒவ்வொன்றும் பெருமானின் எக்குணத்தைக் காட்டும் கண்ணாடி என்று விளக்கினார். நன்றிக்காகப் பெயர் பெற்ற குழந்தை, பெயர்களுக்கே பொருளுரைப்பவராக வளர்ந்தது.

தந்தையான கூரத்தாழ்வானின் செயல் இன்னும் நெருக்கமாக அப்பெயரோடு சேர்கிறது. சோழ மன்னனின் அவையில் உடையவருக்கு மாற்றாகத் தாமே சென்று நின்று, கண்களை இழந்தவர் அவர். அதற்குக் காரணமாயிருந்தவன் நாலூரான். பின்னர் காஞ்சியில் பேரருளாளன் ஆழ்வானுக்கு வரமளிக்க இசைந்தபோது, தாம் பெறும் பேற்றை நாலூரானும் பெற வேண்டும் என்றே ஆழ்வான் வேண்டினார். பராசரன் என்று மகனை நாள்தோறும் அழைத்த வாயிலிருந்து வந்த வேண்டுகோள் அது. பெயர்தான் இதைச் செய்வித்தது என்று சொல்வதற்கில்லை. ஆழ்வானின் நெஞ்சம் பெயரிட்ட நாளுக்கு முன்பே அத்தகையது.

ஸ்ரீரங்கத்தில் கைசிக ஏகாதசி இரவில் நம்பெருமாள் திருமுன்பே பட்டர் வம்சத்தார் கைசிக புராணம் வாசிக்கும் வழக்கம் இன்றும் நடைபெறுகிறது. அவ்வம்சத்திலும் சில வைஷ்ணவ இல்லங்களிலும் பராசரன் என்னும் பெயர் தொடர்கிறது. 1983 முதல் 1989 வரை இந்திய அரசின் தலைமை வழக்கறிஞராக விளங்கிய கே. பராசரன் இப்பெயரை நாடறியச் செய்தவர். வடநாட்டில் ‘பராசர்’ என்பது குடும்பப் பெயராக வழங்குகிறது. மற்றபடி இது பலர் விரும்பித் தேர்ந்தெடுக்கும் பெயர் அன்று.

பராசர கோத்ரத்தார் பெரியோரை வணங்கி அபிவாதனம் சொல்லும்போது வாசிஷ்ட, சாக்த்ய, பாராசர்ய என்று மூவரின் பெயரையும் ஒரே மூச்சில் கூறுகின்றனர். காட்டுப் பாதையில் இரையாகிப்போன சக்தி, இழந்து அழுத தந்தைக்கும் காணாமலே வளர்ந்த மகனுக்கும் நடுவே அங்கே நிற்கிறார். பூணூல் அணிந்த அன்றே ஏழு வயதுப் பிள்ளை அதை மனப்பாடமாக ஒப்பிக்கிறான். மூவரும் யாரென்று வீட்டில் எவரேனும் அவனுக்குச் சொல்ல வேண்டும்.