நாற்பது மணித்தியாலங்கள்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் உயர்நிலைப் பாடசாலைச் சான்றிதழ் பெறவேண்டுமானால், ஒரு மாணவர் 40 மணித்தியாலங்கள் சம்பளமின்றிச் சமூகப் பணி செய்திருக்க வேண்டும். 1999இல் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தவர்களிலிருந்து இந்த விதி தொடங்கியது. எம்மவர் வீடுகளில் இது பெரும்பாலும் ஒரு படிவத்தின் பிரச்சினையாகவே பேசப்படுகிறது. யாரிடம் கையெழுத்து வாங்கலாம்? கோயிலில் கேட்டால் தருவார்களா? அதற்கு அப்பாலுள்ள கேள்வி பேசப்படுவதில்லை: கட்டாயத்தின் பேரில் செய்வது தொண்டாகுமா?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பெத்லஹேம் நகரத்துப் பாடசாலைகள் 60 மணித்தியாலங்களைக் கட்டாயமாக்கியபோது, மாணவர் இருவரும் அவர்களது பெற்றோரும் நீதிமன்றம் போனார்கள். அடிமைத்தொழிலைத் தடைசெய்யும் அரசியலமைப்புத் திருத்தத்துக்கு இது முரண் என்று வாதாடினார்கள். 1993இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

அந்த வாதத்தைச் சிரித்துத் தள்ளிவிட எம்மால் முடியாது. 'கட்டாயம்', 'சமூகம்' என்ற இரு சொற்களும் ஒரே வாக்கியத்தில் வந்தால் எமக்குப் பயம் பிடிக்கிறது. வன்னியில் 'வீட்டுக்கு ஒருவர்' கேட்டவர்களும் மக்களின் பெயரால்தான் கேட்டார்கள். 'மாட்டேன்' என்ற சொல்லுக்கு அங்கே இடமிருக்கவில்லை. எம்மில் சிலர் பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

யுத்தத்துக்கு முன்பும் யாழ்ப்பாணத்தில் கட்டாய சேவை இருந்தது. சலவையும் சவரமும் பறையடிப்பதும் 'குடிமைத் தொழில்' என்று சில சாதிகளின் தலையில் பிறப்பிலேயே கட்டப்பட்டிருந்தன. அந்தச் சேவையைப் பெற்றவர்களோ தம் வாழ்நாளில் ஒரு மணித்தியாலமேனும் அப்படி உழைக்க வேண்டியிருக்கவில்லை. ஆகவே கட்டாயம் கூடுமா கூடாதா என்பதைவிட, அது யார் தலையில் விழுகிறது, மறுக்கவும் தெரிவுசெய்யவும் இடமுண்டா என்பதே எமக்குப் பெரிய கேள்வி.

1958இல் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன தன் மாணவர்களைக் குருநாகல் மாவட்டத்துக் கனத்தொலுவவுக்குக் கூட்டிப்போனார். சிங்களச் சமூகம் ஒதுக்கிவைத்த ரொடி மக்களின் கிராமம் அது. சர்வோதய சிரமதான இயக்கம் அங்கிருந்துதான் தொடங்கியது. நகரத்துப் பிள்ளைகள் வெட்டிய மண் பெரிதல்ல. அந்த மக்களோடு இருந்து வேலை செய்ததே பெரிது. ஆசிரியர் கூட்டிப்போயிராவிட்டால், அவர்களில் எத்தனை பேர் தாமாக அங்கு போயிருப்பார்கள்?

எழுத்தையும் கணக்கையும் பிள்ளையின் சம்மதம் கேட்டா படிப்பிக்கிறோம்? அடுத்தவருக்காக உழைப்பதும் ஒரு பாடமாக இருக்கட்டும். அதற்குத் தொண்டு என்ற பெரிய பெயர் மட்டும் வேண்டாம். ஒன்ராறியோவில் எங்கே, என்ன வேலை என்பதை விதிக்குட்பட்டு மாணவரே தெரிவுசெய்யலாம். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவு. நாம் கண்ட கட்டாயங்களில் இந்த இரண்டும் இருக்கவில்லை.

ஆனால் ஒரே அளவு எல்லோருக்கும் ஒரே பாரமல்ல. அன்றாட வீட்டுவேலை இந்தக் கணக்கில் சேராது. இரவு ஒரு மணிக்கு உணவகச் சமையலறையிலிருந்து திரும்பும் பெற்றோரின் பிள்ளை, தம்பி தங்கையருக்குச் சோறு போட்டு, பாத்திரம் கழுவி, அதற்குப் பிறகுதான் 40 மணித்தியாலங்களைத் தேடிப் போக வேண்டும். கோப்பை கழுவிப் பிழைக்கும் எமக்கு இது விசித்திரமாகவே படுகிறது. வீட்டில் கழுவினால் கணக்கில்லை. உணவகத்தில் சம்பளத்துக்குக் கழுவினாலும் கணக்கில்லை. ஏழைகளுக்கு உணவு கொடுக்கும் இடத்தில் கழுவினால் கையெழுத்துக் கிடைக்கும். கோப்பையும் அதேதான், கையும் அதேதான்.

வீட்டைச் சுமக்கும் பிள்ளையின் உழைப்பில் ஒரு பங்கையாவது பாடசாலை ஏற்றுக்கொள்ள வேண்டும். செய்யாத வேலைக்குத் தெரிந்தவர்களிடம் கையெழுத்து வாங்கிக் கொடுப்பதை எம்மவரும் நிறுத்த வேண்டும். அந்தக் கையெழுத்திலிருந்தும் பிள்ளை ஒரு பாடம் படிக்கத்தான் செய்கிறது: உழைப்பு என்பது வேறு யாரோ செய்வதற்குரியது என்பதை. அந்தப் பாடத்தை ஊரிலேயே நிறையப் படித்துவிட்டோம்.