முந்திப் போவது யார்?

ஸ்ரீ:
ஸ்ரீமதே சடகோபாய நம:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருவாய்மொழி நான்காம் பத்தின் முதல் திருவாய்மொழியைப் புதுக்கோட்டையில் அன்பர்கள் சிலரோடு கூடி நாம் அநுஸந்தித்துவந்த நாட்களில் ஒரு கேள்வி எழுந்தது. கேட்டவர் வெளிநாட்டில் பணிபுரியும் இளைஞர். விடுமுறைக்கு ஊர் வந்திருந்தவர். அவர் அலுவலக நண்பர்கள் இணையத்தில் ஆடும் ஓர் ஆட்டத்தைப் பற்றிச் சொன்னார். கோஷ்டியில் இருந்த பெரியவர்கள் சிலர் காதைப் பொத்திக்கொள்ளாத குறைதான்.

ஆட்டத்தின் முறை இது. ஆண்டுத் தொடக்கத்தில் ஒவ்வொருவரும் உலகறிந்த மனிதர்கள் பத்துப் பேரைப் பட்டியலிட வேண்டும். அரசியல் தலைவர், நடிகர், பாடகர், விளையாட்டு வீரர் என எவராகவும் இருக்கலாம். அவ்வாண்டு முடிவதற்குள் அவர்களில் எவர் காலமாகிறாரோ, அவர் பெயரை எழுதிவைத்தவருக்குப் புள்ளி. நூற்றிலிருந்து இறந்தவருடைய வயதைக் கழித்தால் வருவதே புள்ளி என்பது பல இடங்களில் வழங்கும் விதி. தொண்ணூற்றைந்து வயது முதியவர் போனால் 5. நாற்பது வயதுக்காரர் போனால் 60. சில இடங்களில் பணமும் கைமாறும். பல இடங்களில் வெறும் பெருமைதான். மேலை நாட்டார் இதற்கு 'டெத் பூல்' என்று பெயரிட்டிருக்கிறார்கள்.

இளைஞர் கேட்டது இதுதான்: "ஸ்வாமி, இதில் யாரையும் கொல்லவில்லை, யாருக்கும் சாபம் இடவில்லை. என் நண்பர்கள் பணம்கூட வைப்பதில்லை. எல்லாரும் ஒருநாள் போகிறவர்கள்தாமே? பெரிய பெரிய ராஜாக்களும் அழிந்துபோனார்கள் என்று ஆழ்வாரும் இந்தப் பதிகத்தில் அதையேதானே சொல்கிறார்? இதில் என்ன தோஷம்?"

கேள்வி நேர்மையானது. சீச்சீ என்று வாயடைத்து அனுப்பிவிடலாம். ஆனால் அப்படி அனுப்பப்பட்டவர் அடுத்த வாரம் கோஷ்டிக்கு வரமாட்டார். ஆகவே அவர் கேட்டதை இரண்டாகப் பிரித்து விண்ணப்பித்தோம். அதையே இங்கும் சற்று விரித்து எழுதுகிறோம்.

வணிகவியல் படித்து, வங்கியில் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற நமக்கு முதலில் நினைவுக்கு வந்தது இன்ஷூரன்ஸ் பாடம். சாஸ்த்ர வசனம் பிறகுதான் வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில், தமக்கு ஒட்டும் உறவும் இல்லாத பெரிய மனிதர்களின் உயிர்மேல் பாலிசி எடுப்பது ஒரு சூதாட்டமாகவே நடந்துவந்தது. 1743ல் இரண்டாம் ஜார்ஜ் மன்னர் டெட்டிங்கன் போருக்குப் படை நடத்திச் சென்றபோது, அவர் உயிரோடு திரும்புவாரா என்பதன்மேல் பணம் கட்டினார்கள். 1765ல் ஜெர்மனியிலிருந்து வந்து, லண்டனில் உண்ண உணவும் ஒதுங்க இடமும் இன்றித் தவித்த நூற்றுக்கணக்கான ஏழைகளில் ஒரு வாரத்துக்குள் எத்தனை பேர் சாவார்கள் என்றும் பந்தயம் நடந்தது. இந்த அவலத்துக்கு முடிவுகட்டவே 1774ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஆயுள் காப்பீட்டுச் சட்டம் இயற்றியது. நம் நாட்டிலும் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவு பந்தய ஒப்பந்தம் செல்லாது என்கிறது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியிருப்பதையும் வாசகர்கள் அறிவார்கள்.

1774ஆம் ஆண்டுச் சட்டத்தின் உள்ளே ஒரு நுட்பம் இருக்கிறது. 'இன்ஷூரபிள் இன்ட்ரஸ்ட்' என்று கல்லூரியில் மனப்பாடம் செய்தோம். ஒருவர் இறந்தால் உமக்கு நஷ்டம் உண்டு என்றால்தான் அவர் உயிர்மேல் நீர் பாலிசி எடுக்கலாம். மனைவிக்கு அந்த நஷ்டம் உண்டு. கடன் கொடுத்தவருக்கும் உண்டு. நஷ்டமே இல்லாதவர் எடுத்தாரானால், அந்த மரணம் அவருக்கு லாபம் மட்டுமே. அந்த உயிர் நீடிப்பதில் அவருக்கு விருப்பம் இல்லாமல் போகிறது. லௌகிகச் சட்டமே இவ்வளவு தூரம் பார்த்திருக்கிறது.

சட்டம் பணத்தோடு நின்றுவிடும். புள்ளிகளை மட்டும் எண்ணும் ஆட்டத்தை அது தொடுவதில்லை. ஆனால் மனம் பணத்தையும் புள்ளியையும் வேறுவேறாக வைப்பதில்லையே. பட்டியலில் உள்ள ஒருவர் மார்கழியில் மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு முடியப் பத்து நாட்கள் இருக்கின்றன. "உடல்நிலை தேறி வீடு திரும்பினார்" என்று செய்தி வருகிறது. அவர் வீட்டில் பெருமாளுக்குத் தளிகை சமர்ப்பித்துக் கொண்டாடுகிறார்கள். நம் ஆட்டக்காரருக்கோ அது துக்கச் செய்தி. அவர் வெளியே ஒன்றும் சொல்லமாட்டார்; நல்லவர்தான். ஆயினும் உள்ளே ஒரு சிறு ஏமாற்றம் எழுகிறதே, அந்த இடத்தில்தான் தோஷம் இருக்கிறது. பிறர் பிழைத்தெழுந்ததற்கு வருந்துமாறு தம் மனத்தைத் தாமே பழக்கிக்கொண்டார்.

ஆட்டத்தில் சேராத நாமும் இதற்கு வெகுதூரத்தில் இல்லை. இங்கே அரசியல் பேச வரவில்லை. நடந்ததை மட்டும் நினைவூட்டுகிறோம். 1979 மார்ச் 22 அன்று ஜெயப்பிரகாஷ் நாராயண் காலமானார் என்று பிரதமர் மொரார்ஜி தேசாய் நாடாளுமன்றத்திலேயே அறிவித்தார். பம்பாய் மருத்துவமனையில் அவர் உயிரோடு இருந்தார். அதன்பின் அக்டோபர் 8 வரை வாழ்ந்தார். 2016 செப்டம்பர் 22 முதல் டிசம்பர் 5 வரை முதல்வர் ஜெயலலிதா சென்னை மருத்துவமனையில் இருந்த 75 நாட்களும் தமிழ்நாட்டுத் தேநீர்க்கடைகளில் 'இன்றா, நாளையா' என்ற பேச்சு ஓயவில்லை. டிசம்பர் 5 மாலை சில தொலைக்காட்சிகள் முந்திக்கொண்டு செய்தி சொல்ல, கட்சி அலுவலகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கி மீண்டும் ஏறியது. அன்றிரவு 11.30 மணிக்கே உயிர் பிரிந்ததாக மருத்துவமனை அறிவித்தது. யாருக்கும் புள்ளி இல்லை, பரிசு இல்லை; ஆனாலும் முதலில் அறிந்தவராக, முதலில் அனுப்பியவராக இருக்க வேண்டும் என்று எத்தனை கைகள் செல்பேசியில் துடித்தன!

இனி இளைஞருடைய கேள்வியின் இரண்டாம் பகுதி. ஆழ்வார் பாடியதும் இதுவும் ஒன்றா?

அந்தத் திருவாய்மொழியில் உலகம் முழுவதையும் தனிக்குடையின்கீழ் ஆண்டவர்கள் உடைந்த கலத்தோடு பிச்சைக்குப் புறப்படுகிறார்கள். பகைவருக்குத் தேவிமாரை விட்டுக் காட்டுக்கு ஓடுகிறார்கள். பெருமழையில் தோன்றும் குமிழிகள்போல் மாய்ந்துபோகிறார்கள். பாசுரங்களைத் திரும்பத் திரும்பச் சேவித்துப் பாருங்கள், ஓர் அரசனுடைய பெயரும் அதில் இல்லை. ஆழ்வாருக்குப் பெயர் தெரியாமலா? பெயர் சொன்னால் கேட்பவன் 'அவன் கெட்டான்' என்று நகர்ந்துவிடுவான். பெயர் இல்லாததால் அந்த இடத்தில் தன்னையே வைத்துப் பார்க்கிறான். ஆட்டக்காரரின் பட்டியலில் பத்துப் பெயர்கள் இருக்கின்றன. எழுதியவர் பெயர் மட்டும் இல்லை. ஆழ்வார் அழிவைச் சொல்லி அதோடு விட்டுவிடவும் இல்லை. ஒவ்வொரு பாசுரத்திலும் கேட்பவனைக் கைபிடித்து எம்பெருமான் திருவடியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். ஸம்ஸாரிகள் படும் பாட்டைக் காணப் பொறாமல் உபதேசிக்கிறார் என்றே நம் பூர்வர்கள் இதற்கு அவதாரிகை இட்டிருக்கிறார்கள்.

புதுக்கோட்டையில் இருப்பவர்களுக்கு இந்தப் பதிகத்துக்கு வேறு வியாக்யானம் தேட வேண்டாம் என்று தோன்றுவதுண்டு. இராஜகோபாலத் தொண்டைமான் 1928ல் ஆறு வயதுப் பாலகராகப் பட்டத்துக்கு வந்தார். 1948 மார்ச் 3 அன்று சமஸ்தானம் இந்திய யூனியனில் இணைந்தது. முடி துறந்த பிறகு ஏறக்குறைய அரை நூற்றாண்டு வாழ்ந்து 1997ல் காலமானார். அவருடைய அரண்மனையில்தான் இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நடக்கிறது. பட்டா மாறுதலுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் மனுக்கொடுக்க ஜனங்கள் அதன் படியேறுகிறார்கள். அதே ஊரில் பிறந்தவர் பி. யு. சின்னப்பா. 'உத்தம புத்திரன்', 'கண்ணகி', 'ஜகதலப்பிரதாபன்' என்று நடித்துப் புகழின் உச்சியில் இருந்தார். சம்பாதித்ததையெல்லாம் ஊரில் வீடுகளாக வாங்கிக் குவித்தார் என்று பெரியவர்கள் சொல்வர். 1951 செப்டம்பரில் மறைந்தபோது அவருக்கு வயது 35.

அவ்வாண்டுத் தொடக்கத்தில் எவரேனும் பட்டியல் எழுதியிருந்தால் அவர் பெயரை எழுதியிருப்பார்களா? எழுதியிருந்தால் 65 புள்ளி. ஒரு வீட்டில் விழுந்த இடி எங்கோ ஒருவருக்கு 65 புள்ளியாகும் கணக்கை என்னவென்பது! வங்கியில் எத்தனையோ பேரேடுகளைப் பார்த்திருக்கிறோம். இப்படி ஒரு பற்றுவரவைப் பார்த்ததில்லை.

ஒருவனுக்கு வைஷ்ணவத்வம் உண்டா இல்லையா என்பதைப் பிறர் சொல்ல வேண்டாம், அவனுக்கே தெரியும் என்று நஞ்சீயர் அருளிச்செய்வாராம். பிறருக்கு வரும் கேட்டைக் கண்டு 'ஐயோ' என்று நெஞ்சு இளகினால் உண்டு என்று கொள்ளலாம். 'வேண்டும் இவனுக்கு' என்றிருந்தால் இல்லை என்று கொள்ளலாம். இதற்கு 'ஐயோ' என்று பதிவிட்டு அழுகை முகம் ஒட்டிவிட்டால் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. நஞ்சீயர் சொல்வது ஒருவரும் பார்க்காதபோது நெஞ்சில் நிகழ்வதை. சட்டம் 'நஷ்டம் உண்டா' என்று கேட்கிறது. நம் தர்சனத்தில் அதற்குப் பதில் 'எல்லாரிடத்திலும் உண்டு' என்பதே. எல்லா ஆத்மாக்களும் எம்பெருமானுக்கு சேஷபூதர்கள், அவனுடைய சரீரம். நடிகரும் அவன் சொத்து, நாம் வாக்களிக்காத தலைவரும் அவன் சொத்து.

திருமயத்தில் மெய்யரைச் சேவித்தவர்கள் இதைக் கண்ணாலேயே கண்டிருப்பார்கள். குன்றைக் குடைந்த குகையில் பள்ளிகொண்டிருக்கிறான் எம்பெருமான். திருவடிப் பக்கம் மது கைடபர்கள் கேடு செய்ய நெருங்குகிறார்கள். பள்ளிகொண்டவன் கண் திறக்கவில்லை; படுக்கையாக இருக்கும் ஆதிசேஷன் பொறுக்கமாட்டாமல் தீயை உமிழ்கிறான். எம்பெருமானுக்கு யாரால் என்ன கேடு வந்துவிடும்? அது அநந்தனுக்குத் தெரியாததும் அன்று. இருந்தும் ஸம்பந்தம் அவனைச் சும்மா இருக்கவிடவில்லை.

ஆனால், மரணத்தைப் பற்றிப் பேசவே கூடாது, அமங்கலம் என்று ஒதுக்குவதும் நம் வழியன்று. ஓய்வூதியம் பெறுகிறவர்கள் ஆண்டுதோறும் நவம்பரில் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்கிறோம். வங்கியில் இருந்த காலத்தில் அதை வாங்கிச் சரிபார்த்தோம்; இன்று நாமே வரிசையில் நிற்கிறோம். 'இன்னும் இருக்கிறேன்' என்று கையெழுத்திடும்போது பேனா சற்றுத் தயங்கத்தான் செய்கிறது. பெரியாழ்வார் அந்தத் தயக்கத்தைத் திருவரங்கத்தில் அரங்கனிடமே கொண்டுபோனார். முடிவில் நோயும் நமன்தமரும் நெருக்கும்போது உன்னை நினைக்க என்னால் ஆகாது, ஆகவே இப்போதே சொல்லிவைக்கிறேன் என்று முன்கூட்டியே பதிவு செய்துவிட்டார். நினைவு தப்பிக் கட்டைபோல் கிடக்கும் பக்தனை 'நாம் நினைப்போம்' என்று வராஹப் பெருமாள் பூமிப் பிராட்டியிடம் ஏற்றுக்கொண்டும் இருக்கிறான். ஆகவே, பிரபலமான ஒருவர் நோயுற்றார் என்று செய்தி வந்தால் நாள் குறிக்க வேண்டாம். அவருக்காக ஒருமுறை அந்த எம்பெருமானிடம் விண்ணப்பம் செய்யலாம். நம் கணக்கையும் அப்போதே சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம்; இதற்குக் கட்டணம் ஏதும் கிடையாது.

முந்திப் போவது யார் என்ற கேள்வியும் நம் ஸம்ப்ரதாயத்தில் எழுந்திருக்கிறது. திருவரங்கத்தில் கூரத்தாழ்வான் நம்பெருமாள் திருமுன்பே நின்று, இந்த உடலிலிருந்து விடுதலை வேண்டும் என்று பிரார்த்தித்தார். பெருமாளும் தந்தோம் என்றார். அவரோடு ஸம்பந்தம் உடையவர்களுக்கும் சேர்த்துத் தந்தோம் என்றார். கேள்விப்பட்ட எம்பெருமானார் தம் காஷாயத்தை மேலே வீசி ஆனந்தித்தாராம், ஆழ்வான் ஸம்பந்தத்தால் நமக்கும் பேறு உறுதியாயிற்று என்று. பரமாசார்யர் தம் சிஷ்யருடைய ஸம்பந்தத்தைக் கொண்டு மகிழ்கிறார்!

மகிழ்ந்தவர் ஆழ்வானுடைய திருமாளிகைக்கு எழுந்தருளியதும் கலங்கிப்போனார். "நாம் இருக்க, நீர் முந்திக்கொள்ளலாமா?" என்று கேட்டார். ஆழ்வான் விண்ணப்பித்தது: பரமபதத்தில் முன்னே சென்றவர்கள் பின்னே வருபவர்களை எதிர்கொண்டு அழைப்பார்கள் என்று நம்மாழ்வார் பத்தாம் பத்தில் அருளியிருக்கிறார். தேவரீர் முந்தி எழுந்தருளினால், பின்னே வரும் அடியேனை எதிர்கொள்ளத் தேவரீர் எழுந்தருள வேண்டிவரும். ஆசார்யர் சிஷ்யனை வரவேற்க வருவது முறையாகுமோ? அடியேன் முந்திச் சென்று காத்திருக்கிறேன்.

எம்பெருமானார் ஆழ்வானை அணைத்துக்கொண்டார். அவர் வலத்திருச்செவியில் த்வயத்தை அருளிச்செய்தார். பிறகு கண்ணீர் பெருக, ஆழ்வானைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி மடத்துக்கு எழுந்தருளினார்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்