பெயரும் பொருளும்: மருந்தின் விலை பற்றிய ஓர் அறவியல் நோக்கு

ஒரே மருந்துப்பொருளை ஒரே அளவிற் கொண்ட இரு மாத்திரைகள் கடையில் அருகருகே உள்ளன. ஒன்று புகழ்பெற்ற கம்பனியின் வியாபாரப் பெயரைத் தாங்கியது. மற்றையது பொதுப்பெயரில் மலிவாக விற்கப்படுவது. முன்னையதற்கு மேலதிகமாகக் கொடுக்கப்படும் பணம் எதற்குரிய விலை? அதனைப் பெறுதல் நியாயமா? இவ்வினாக்கள் பொருளியலுக்கு மட்டும் உரியனவல்ல, அறவியலுக்கும் உரியன.

அது அறியாமைக்குரிய விலை என்பது முதல் விடையாகும். ஐக்கிய அமெரிக்காவில் தலைவலி மருந்துக் கொள்வனவு பற்றி 2015இல் வெளியான ஓர் ஆய்வு இதற்குச் சான்று. சாதாரண நுகர்வோர் நூற்றுக்கு 26 தடவை பிரபல வியாபாரப் பெயரை நாட, மருந்தாளர்களோ 9 தடவையே அதனை நாடினர். மருந்தை அறிந்தவர் கடையின் சொந்தப் பெயரிலுள்ள மலிவான மாத்திரையோடு அமைதி கொள்கின்றனர். அறிவு வளரப் பெயரின் மதிப்புத் தேய்கின்றது.

இவ்வுண்மையை நாட்டின் கொள்கையாக்க முனைந்தவர் பேராதனையில் மருந்தியல் கற்பித்த பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் அவரும் வைத்திய கலாநிதி எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் சமர்ப்பித்த அறிக்கையை ஒட்டி அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. பிபிலே அதன் முதல் தலைவரானார். தேவையான மருந்துகளைத் தெரிந்தெடுத்தல், உலகளாவிய கேள்விப்பத்திரம் மூலம் மொத்தமாக வாங்குதல், பொதுப்பெயரில் வழங்குதல் என்பன அவரது நெறிகள். வறிய நாடொன்று தன் அந்நியச் செலாவணியைப் பெயர்களுக்காகச் செலவிடுதல் தகாது என்பதே அவற்றின் அடிப்படை. உலகச் சுகாதார ஸ்தாபனம் அத்தியாவசிய மருந்துகளின் முதற் பட்டியலை வெளியிட்ட 1977இலேயே பிபிலே கயானாவிற் காலமானார்.

ஆயினும், எதிர்வாதத்தைப் புறக்கணித்தல் நேர்மையன்று. 1960களின் பிற்பகுதியில் அவுஸ்திரேலியாவில் பினிற்றொயின் என்னும் வலிப்பு மருந்தின் நிரப்புப்பொருள் கல்சியம் சல்பேற்றிலிருந்து இலக்ற்றோசாக மாற்றப்பட்டது. மருந்தின் அளவு மாறவில்லை. எனினும் அது உடலிற் கூடுதலாக உறிஞ்சப்பட்டமையால் நோயாளர் பலர் நச்சு விளைவுக்கு ஆளாயினர். பொதுப்பெயர் மருந்துகளை உற்பத்திசெய்த ரான்பாக்சி நிறுவனம் 2013இல் அமெரிக்க நீதிமன்றத்திற் குற்றங்களை ஒப்புக்கொண்டு 50 கோடி டொலர் செலுத்த இணங்கியது. ஆகவே, 'ஒன்றே' என்பது வெறும் கூற்றாக நில்லாது, சோதனையால் நிறுவப்படவேண்டும்.

இதனினும் நுட்பமான சிக்கல் ஒன்றுண்டு. 1981இல் பிரித்தானிய மருத்துவ ஏடொன்றில் வெளியான ஆய்வில் 835 பெண்கள் பங்குகொண்டனர். பிரபல பெயர் பொறித்த மாத்திரை, பெயரற்றதைவிட அவர்தம் தலைவலியை நன்கு தணித்தது; மருந்தே இல்லாத மாத்திரையும் பெயர் பெற்றபோது கூடுதல் பயன் தந்தது. பெயரே வலியைக் குறைக்குமாயின், அதற்குக் கொடுத்த பணம் வீண் எனல் பொருந்துமா?

தணிந்த வலி உண்மையானதே. ஆனால், அதனைத் தணித்த நம்பிக்கை விளம்பரத்தால் வளர்க்கப்பட்டது. விளம்பரச் செலவு மீண்டும் விலையிற் சேர்கின்றது. நோயாளி தன் நம்பிக்கையைத் தானே விலைக்கு வாங்குகின்றான். நம்பிக்கை விற்பனைப் பண்டமாகும் இடத்தில், வசதியற்றவன் ஐயத்தோடு மலிவானதை விழுங்கவேண்டும். அல்லது கடன்பட்டுப் பெயரை வாங்கவேண்டும். நோயுற்றவனை இந்நிலையில் நிறுத்துதல் அநீதியாகும்.

எனவே, பெயர்களை ஒழிப்பதுடன் கடமை முடிவதில்லை. கம்பனியின் பெயர் இதுவரை அளித்த உறுதியைப் பொதுநிறுவனம் அளித்தல் வேண்டும். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையை நிறுவியதன் அறப்பொருள் இதுவே. சோதனை தளருமிடத்து, பணமுள்ளோர் பழைய பெயர்களுக்கே மீள்வர். தரமற்ற மருந்து வறியோர் பங்காகும். மலிவான மருந்தை வழங்கும் அரசு, அதனை அச்சமின்றி உட்கொள்ளும் உரிமையையும் சேர்த்தே வழங்கக் கடமைப்பட்டுள்ளது.