சொல்லிக்காட்டாத கொடை

கொடுப்பதைவிடக் கடினம், கொடுத்ததைச் சொல்லாமல் இருப்பது. அதிலும் தன்மேல் அநியாயமாகப் பழி விழும் நாளில், 'நான் என்னவெல்லாம் செய்தேன் தெரியுமா?' என்று நாக்கு நுனிவரை வரும் வார்த்தையை விழுங்குவது இன்னும் கடினம். போர்ச்சுக்கல் நாட்டுப் பாடகி அமாலியா ரோட்ரிக்ஸை நினைக்கும்போதெல்லாம் என் மனம் வந்து நிற்கும் இடம் இது.

1920 ஜூலையில் லிஸ்பனில் பிறந்தார். செர்ரிப் பழக் காலத்தில் பிறந்தவள் என்றே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வார். பிழைக்க வழி தெரியாத பெற்றோர், 14 மாதக் குழந்தையைத் தாய்வழிப் பாட்டி தாத்தாவிடம் விட்டுவிட்டுத் தங்கள் ஊருக்கே திரும்பிவிட்டார்கள். பள்ளிக்கூடம் சில வருடங்கள்தான். பிறகு பூத்தையல், மிட்டாய்த் தொழிற்சாலை, அல்காந்தராத் துறைமுகத்தில் பழ வியாபாரம். 1939இல் லிஸ்பனின் ஃபாடோ விடுதி ஒன்றில் பாடத் தொடங்கினார்.

ஃபாடோ ஏழைகளின் தெருவில் வளர்ந்த இசை. 12 தந்திகள் கொண்ட போர்ச்சுக்கீசிய கித்தாரோடு, பிரிவையும் விதியையும் பாடுவது. கறுப்பு உடை, கறுப்புச் சால்வை, மூடிய கண்கள், பின்னால் சாய்ந்த தலை. அமாலியா பாட நின்ற அந்தக் கோலமே பின்வந்த பாடகியருக்கு இலக்கணமாயிற்று. ரியோ டி ஜெனிரோ, பாரிஸ் ஒலிம்பியா அரங்கு என்று அந்தக் குரல் போகாத இடம் குறைவு.

அவர் பாடிய காலம் சலாசரின் சர்வாதிகாரக் காலம். அந்த அரசு அவர் புகழைத் தன் அலங்காரமாக்கிக்கொண்டது. அது தந்த கௌரவங்களை அவரும் மறுக்கவில்லை. மேடையேறி அரசை எதிர்த்துப் பேசியவரும் அல்லர். இதை மறைத்து அவரைப் புனிதராக்குவது அவருக்கே செய்யும் அநீதி என்று நினைக்கிறேன். ஆனால் 1962இல் அவர் பாடிய ஒரு பாடல், சிறைப்பட்ட ஒருவருக்காக ஏங்கும் பாடல். அரசியல் கைதிகளை அடைத்திருந்த பெனிஷ் கோட்டையின் பெயராலேயே மக்கள் அதை அழைத்தார்கள். அதற்கு இசையமைத்த அலென் ஊல்மனை இரகசியப் போலீசார் 1966இல் கைதுசெய்தார்கள். பிறகு நாட்டைவிட்டே வெளியேற்றினார்கள். அமாலியா அவரைக் கைகழுவவில்லை. 1970இல் வந்த இசைத்தட்டில் நாடுகடத்தப்பட்ட அந்த மனிதரின் மெட்டுகளைத்தான் பாடினார். அச்சம் ஆளும் ஊரில் நட்புக்கு இதைவிடப் பெரிய சோதனை வராது.

1974 ஏப்ரல் 25. சர்வாதிகாரத்தைக் கவிழ்த்த ராணுவத்தினரின் துப்பாக்கி முனைகளில் சிவப்புக் கார்னேஷன் பூக்கள். 48 ஆண்டு இருள் ஒரே நாளில் விலகியது. விடுதலை பெற்ற மக்களின் கோபம் ஆட்சியாளர்களோடு நிற்கவில்லை. ஃபாடோவே மக்களை மயக்கிவைத்த சங்கீதம் என்றார்கள். அமாலியா இரகசியப் போலீசின் ஆள் என்ற பேச்சு பரவியது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பேசியவர்களையும் நான் எளிதாகக் குறைசொல்ல மாட்டேன். சிறையில் அண்ணனையோ அப்பாவையோ பறிகொடுத்த வீட்டில் நிதானத்தை எதிர்பார்க்க முடியாது. ஆயினும் விசாரிக்காமல் ஒருவரைத் துரோகி என்பது, எந்த வேதனையாலும் நியாயமாகிவிடாத பாவம்.

அந்தப் பழி அவரை உள்ளே உடைத்தது. இருந்தும் தன்னிடம் இருந்த மறுமொழியை அவர் வெளியே எடுக்கவில்லை. தடைசெய்யப்பட்ட கம்யூனிஸ்ட் கட்சிக்கு அந்த இருண்ட ஆண்டுகளில் அவர் இரகசியமாகப் பணம் கொடுத்திருந்தார். அந்த ஒரு செய்தியை ஊரறியச் சொல்லியிருந்தால் பேசிய வாய்கள் அடைத்துப்போயிருக்கும். நாமோ, தங்கை கல்யாணத்துக்குக் கொடுத்த பணத்தை அடுத்த சண்டையிலேயே இழுத்துவிடுகிறோம். சொல்லிக்காட்டிய கணத்திலேயே கொடை கடனாகிவிடுகிறது, வாங்கியவர் முகம் சிறுத்துவிடுகிறது. அமாலியா ஏன் மௌனம் காத்தார் என்று யார் சொல்ல முடியும்? மானமாக இருக்கலாம், மனச்சோர்வாகவும் இருக்கலாம். எதுவானாலும், கொடுத்ததைத் தன் மானத்துக்கு விலையாக அவர் ஆக்கவில்லை.

பழி ஓய ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் அவரே கவிதை எழுதி, அதைப் பாடவும் தொடங்கியிருந்தார். 1983இல் வந்த இசைத்தட்டின் பெயர் 'கண்ணீர்த் துளி'.

1999 அக்டோபர் 6 அன்று மறைந்தார். நாடு மூன்று நாள் துக்கம் காத்தது. அப்போதுதான் நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் ஜோஸே சரமாகோ, கட்சிக்கு அவர் தந்த பழைய பணக் கொடையைப் பகிரங்கமாகச் சொன்னார். உயிலைத் திறந்தபோது, வறியவர்களுக்கு உதவ ஓர் அறக்கட்டளை அமைக்கச் சொல்லிச் சொத்தை எழுதிவைத்திருந்தார் அமாலியா.